அடையாற்றுக்குத் தெற்கே – 19: காற்றைப் பிரித்த வெள்ளை மணிகள்

சென்ற பகுதியில் பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலையும், அது வட திருநள்ளாறு என்று பெயர்பெற்றதையும் பார்த்தோம். அடுத்தது பல்லாவரம் சந்தை என்று சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்கிறேன். 2021 மே மாதத்தை எழுதாமல் இந்த ஊர்களின் வரலாற்றை மேலே கொண்டுபோக மனம் வரவில்லை. அந்த மாதம் பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் ஆக்சிஜன் என்ற பேச்சு எழாத தெரு இருந்திருக்காது. மூச்சுக்காகப் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தந்த பொருள் எது, அதன் பூர்வீகம் என்ன என்பதைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

2021 மே 4, செவ்வாய்க்கிழமை. பிரிட்டனின் பிரைஸ் நார்ட்டன் விமானத் தளத்திலிருந்து 450 ஆக்சிஜன் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு இந்திய விமானப்படையின் சி-17 விமானம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. விமான நிலையத்தை ஒட்டி வாழும் பொழிச்சலூர்க்காரர்களுக்கு விமானம் பழகிய சத்தம். ஆனால் வெளிநாட்டிலிருந்து சிலிண்டர் வந்து இறங்கும் நிலை இந்த ஊருக்கு அதுவரை வந்ததில்லை. அன்று இரவே தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். பற்றாக்குறை இல்லை என்று நிர்வாகம் சொன்னது. எது எப்படியிருந்தாலும், ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் இருந்த ஊர்கள் அந்த இரவுக்குப் பிறகு தூங்கவில்லை. அதே மாதம் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இரண்டாம் அலையின் உச்சம் அது.

ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் அடங்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒரு நோயாளிக்கு அது பன்னிரண்டு மணி நேரத்துக்குக்கூட வராது. காலையில் மாட்டினால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அடுத்ததைத் தேட வேண்டும். அந்த நாட்களில் சிலிண்டரை நிரப்பக் கால்கடுக்க வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலிண்டருக்கும் மருத்துவமனைத் தொட்டிக்கும் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி குளிரிலிருந்து. காற்றைத் திரவமாகும் வரை குளிர்வித்து, மெல்லச் சூடேற விட்டால் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் ஆவியாகிப் போய்விடும். ஆக்சிஜன் மைனஸ் 183 வரை திரவமாகவே தங்கும். ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே 1895இல் காற்றைப் பெருமளவில் திரவமாக்கிக் காட்டினார். 1902இல் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தார். நமக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பெரிய ஆலை செய்வதும் இதே வேலைதான். 2021 ஏப்ரலில் அந்த ஆலையின் ஆக்சிஜனில் ஒரு பகுதியை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் மத்திய அரசு திருப்பிவிட்டபோது இங்கே எழுந்த கோபம் நினைவிருக்கும். மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்றதும் தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீடு நாளுக்கு 220 டன்னிலிருந்து 419 டன்னாக உயர்த்தப்பட்டது. உச்ச நீதிமன்ற அனுமதியுடன் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்தின் ஆக்சிஜன் பிரிவும் இயங்கத் தொடங்கியது.

குளிரே தேவைப்படாத இன்னொரு வழியும் இருந்தது. வீடுகளுக்குள் வந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரிலும், பிறகு மாவட்ட மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட பி.எஸ்.ஏ. பிளான்ட்டிலும் இருந்தது அந்த வழி. இரண்டின் வயிற்றிலும் இருப்பவை சிறுசிறு வெள்ளை மணிகள். சியோலைட் என்று பெயர்.

சியோலைட் முதலில் ஒரு பாறைக் கனிமம். 1756இல் சுவீடனின் ஆக்செல் கிரான்ஸ்டெட் அதைச் சூடாக்கியபோது, கல்லுக்குள்ளிருந்து நீர் கொதித்து ஆவியாவதைக் கண்டு குறித்துவைத்தார். நீர் போன பிறகும் கல் நொறுங்கவில்லை. அதன் உள்ளே அணு அளவில் அறைகளும் நடைவழிகளும் ஒழுங்காக அமைந்திருக்கின்றன என்பதும், நீர் வெளியேறினால் அந்த இடம் வேறு பொருளுக்காகக் காத்திருக்கும் என்பதும் வெகுகாலம் கழித்தே புரிந்தன. நம் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. புனே, நாசிக் பக்கத்து எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் சியோலைட் படிகங்கள் உலக அருங்காட்சியகங்களில் அழகுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன.

அழகுக் கல் வேலைக்கார மணியானது 1940களில். நியூசிலாந்தில் பிறந்த ரிச்சர்ட் பேரர் பிரிட்டனில் இருந்துகொண்டு, சபசைட் என்ற சியோலைட் வாயுக் கலவைகளைப் பிரிப்பதை அளந்து காட்டினார். இயற்கையில் இல்லாத சியோலைட்டை ஆய்வகத்தில் முதலில் செய்தவரும் அவரே. அதே காலத்தில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் டோனாவாண்டாவில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவு காற்றைப் பிரிக்க மலிவான வழி தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பொறுப்பு ராபர்ட் மில்டன் என்ற வேதியியலாளரிடம் வந்தது. சபசைட் நல்ல பொருள்தான், ஆனால் வண்டி வண்டியாகத் தோண்டி எடுக்கும் அளவுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததைச் செய்துவிடுவது என்று மில்டன் முடிவெடுத்தார். பூமிக்கு அடியில் வெகுகாலம் பிடிக்கும் வேலையை, சோடியம் சிலிகேட்டையும் அலுமினா சேர்மத்தையும் காரத்தில் கலந்து, கொதிநீர்ச் சூட்டில் சில மணி நேரத்தில் முடித்தார். 1949 தொடங்கி ‘ஏ’, ‘எக்ஸ்’ என்று பெயரிட்ட புதிய சியோலைட்டுகள் வந்தன. டொனால்ட் பிரெக் அவரோடு சேர்ந்தார். 1954இல் அவை விற்பனைக்கு வந்தன. இந்தத் தொடரில் நான் பெயர் சொல்லும் அயல்நாட்டவர் குறைவு. மில்டனைச் சொல்லாமல் விட முடியாது. 2021இல் இங்கே பலர் மூச்சுவிட்டது அந்த ‘எக்ஸ்’ குடும்பத்து மணிகளின் தயவில்.

யூனியன் கார்பைடு என்றதும் 1984 போபால் நினைவுக்கு வரும். வர வேண்டும். விஷவாயுவால் ஒரு நகரத்தைக் கொன்ற நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகத்தில்தான் மூச்சு கொடுக்கும் பொருள் பிறந்தது. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுதப்பட வேண்டும்.

பொருள் கிடைத்துவிட்டது. அதை ஓயாமல் வேலைசெய்ய வைக்கும் உத்தி அடுத்து வந்தது. எஸ்ஸோ நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ராம் 1958இல் விண்ணப்பித்து 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது. பிரான்சின் ஏர் லிக்விட் நிறுவனத்திலும் ஏறக்குறைய அதே நேரத்தில் இருவர் அதே எண்ணத்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு உருளைகள், இரண்டிலும் சியோலைட் மணிகள். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி முதல் உருளைக்குள் தள்ளும். நைட்ரஜன் மணிகளில் பிடிபடும், ஆக்சிஜன் மறுமுனையில் வெளியே வரும். மணிகள் நைட்ரஜனால் நிரம்பும் நேரத்தில் வால்வு மாறி, காற்று இரண்டாவது உருளைக்குப் போகும். முதல் உருளையின் அழுத்தம் இறக்கப்படும். பிடிபட்ட நைட்ரஜன் விடுபட்டு வெளியேறும். கிடைத்த ஆக்சிஜனில் கொஞ்சத்தைப் பின்னோக்கிச் செலுத்தி மணிகளைச் சுத்தமாக்குவது ஸ்கார்ஸ்ட்ராமின் நுட்பம். சூடாக்க வேண்டாம், குளிர்விக்க வேண்டாம். அழுத்தத்தை ஏற்றி இறக்கினால் போதும். பி.எஸ்.ஏ. என்ற பெயர் குறிப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். வீட்டுக் கான்சன்ட்ரேட்டர் சில நொடிக்கு ஒருமுறை புஸ்ஸென்று பெருமூச்சு விடுமே, அது நைட்ரஜனை வெளியே தள்ளும் ஓசை.

மணி நைட்ரஜனை மட்டும் ஏன் பிடிக்கிறது? சல்லடைபோல் பெரியதை நிறுத்திச் சிறியதை விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ‘எக்ஸ்’ வகையின் வாசல் இரண்டு மூலக்கூறும் தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரியது. வேலைசெய்வது மின்கவர்ச்சி. சிலிக்கன் இருக்க வேண்டிய இடங்களில் அலுமினியம் உட்கார்ந்திருப்பதால் சியோலைட்டின் சட்டகம் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதை ஈடுகட்ட சோடியம், லித்தியம் போன்ற நேர்மின் அயனிகள் அறைகளில் நிற்கின்றன. நைட்ரஜன் மூலக்கூறில் மின்னூட்டம் ஆக்சிஜனில் இருப்பதைவிடச் சீரற்றுப் பரவியிருக்கிறது. அதனால் அயனிகள் நைட்ரஜனை வலுவாக இழுக்கின்றன. ஒரே ஒற்றையடிப் பாதையில் இருவர் நடந்து போக, ஒருவர் வேட்டியில் மட்டும் நாயுருவி ஒட்டிக்கொள்வதைப் போன்றது இது. சோடியத்துக்குப் பதில் லித்தியம் வைத்தால் பிடிப்பு இன்னும் பலமாகும். லித்தியம் ஏற்றிய அந்த வகைக்கு யு.ஓ.பி. நிறுவனம் 1989இல் காப்புரிமை பெற்றது.

காற்றில் 0.9 சதவீதம் ஆர்கான் இருக்கிறது. சியோலைட்டின் கண்ணுக்கு ஆர்கானும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒன்று. அதனால் இந்த வழியில் எவ்வளவு முயன்றாலும் ஆக்சிஜன் 95 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். வழக்கமாகக் கிடைப்பது 93. இது போதுமா என்று அன்று பலர் பயந்தார்கள். 93 சதவீத ஆக்சிஜனை மருத்துவத்துக்கு ஏற்றதென்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தருவதற்காகச் செய்த கருவியை அதற்கு மேல் முடுக்கினால் மணிகளுக்கு நேரம் போதாமல் ஆக்சிஜனின் செறிவு இறங்கிவிடும். குமிழ் ஓடுகிறது என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே போவதில் பாதி வெறுங்காற்றாக இருக்கலாம். வாடகைக்குக் கருவி கொடுத்தவர்கள் இதை எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே தாம்பரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். நுரையீரலுக்கும் நம் புறநகருக்கும் உள்ள உறவு கொரோனாவில் தொடங்கியதல்ல. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தித் திரும்பிய டாக்டர் சவுரி முத்து, 1928இல் தாம்பரத்துக்கு அருகே 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. திறந்த வெளியும் மரநிழலும் நல்ல காற்றுமே சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றது. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் அமைந்தது. காற்று நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த அதே நிலத்தில், 93 ஆண்டுகள் கழித்து, கொரோனா நோயாளிகள் குழாய்வழி ஆக்சிஜனில் படுத்திருந்தார்கள். சவுரி முத்துவின் வாழ்க்கைக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பதால் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

பி.எஸ்.ஏ. முறை இந்திய மருத்துவமனைகளுக்குப் பெருமளவில் வந்த பாதை வியப்பானது. அது போர் விமானத்தின் வழியாக வந்தது. உயரத்தில் பறக்கும் விமானிக்கு ஆக்சிஜன் வேண்டும். சிலிண்டரைச் சுமந்து போனால் அது தீரும்வரைதான் பறக்கலாம். எஞ்சினிலிருந்து வரும் காற்றையே சியோலைட் வழியாகப் பிரித்துக்கொண்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். தேஜஸ் விமானத்துக்காக அப்படியொரு கருவியை பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூர் டெபெல் ஆய்வகம் உருவாக்கியிருந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு பி.எம். கேர்ஸ் நிதியில் நாடெங்கும் 500 மருத்துவ ஆக்சிஜன் பிளான்ட்டுகள் அமைப்பதாக அறிவிக்கப்பட்டது. 332ஐ டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸும், 48ஐ நம் கோயம்புத்தூரின் டிரைடண்ட் நியூமேட்டிக்ஸும் செய்தன. மீதி 120, டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்தவை. டி.ஆர்.டி.ஓ. பிளான்ட் ஒன்று நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும். ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 190 பேருக்கு, அல்லது நாளுக்கு 195 சிலிண்டர் நிரப்ப, அது போதும் என்று டி.ஆர்.டி.ஓ. கணக்குச் சொன்னது.

எடையில் பார்த்தால் அது நாளுக்கு ஏறத்தாழ 2 டன். தமிழ்நாட்டுக்கு அன்று ஒதுக்கிய 419 டன்னை இந்த வழியில் மட்டும் எடுக்க இருநூறுக்கும் மேற்பட்ட பிளான்ட்டுகள் இரவு பகலாக ஓடியிருக்க வேண்டும். ஆகவே ஸ்ரீபெரும்புதூரின் லாரியைச் சியோலைட் தேவையற்றதாக்கிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. லாரி வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்க, மருத்துவமனையின் சொந்தச் சுவருக்குள் ஓர் ஊற்று வேண்டும். செங்கல்பட்டு போன்ற இரவுகளுக்குப் பதில் அதுதான்.

கருவியின் வடிவம் நம்முடையது, உருளையும் வால்வும் இங்கேயே செய்ய முடிந்தது. உள்ளே கொட்ட மணி இல்லை. மே மாத நடுவில் டி.ஆர்.டி.ஓ.வுக்காக ஏர் இந்தியா சரக்கு விமானங்கள் ரோம் நகரிலிருந்து பெங்களூருக்குச் சியோலைட்டைச் சுமந்து வந்தன. முதலில் வந்த இரண்டில் மட்டும் 34,200 கிலோ. அடுத்துக் கொரியாவிலிருந்தும் கொண்டுவரத் திட்டமிடப்பட்டது. ஹனிவெல் யு.ஓ.பி.யும் சப்ளை செய்தது. 1988இல் யூனியன் கார்பைடின் சியோலைட் தொழில் போய்ச் சேர்ந்த இடம் யு.ஓ.பி. என்பதால், மில்டனின் வம்சாவளி நேரே நம் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டது எனலாம்.

அறிவு இல்லாமல் இந்த நிலை வரவில்லை. சென்னையில் படித்த தமிழரான பால் ரத்னசாமி, புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ‘என்சிலைட்’ என்ற சியோலைட் வினையூக்கியை உருவாக்கித் தொழிற்சாலை வரை கொண்டுசேர்த்தவர். பின்னாளில் அந்த ஆய்வகத்தின் இயக்குநரானவர். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆய்வு நிறுவனத்தில் நைட்ரஜனைப் பிடிக்கும் சியோலைட்டுகள் பற்றியே பல ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. ஆனால் நைட்ரஜனைப் பிடிக்கும் அந்த மணிகள் பெருமளவில் ஆலைக்குப் போகவில்லை. ஆலை வைத்தால் வாங்க ஆள் இல்லை, இறக்குமதி மலிவு என்ற கணக்கு நெருக்கடி வரும்வரை சரியாகத்தான் தோன்றியது.

இன்னொரு நுண்துளைப் பொருள் நம் மண்ணிலேயே குவிந்து கிடக்கிறது. கொட்டாங்கச்சிக் கரி. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் சுட்ட கரியை அதிச்சூட்டில் நீராவியால் பதப்படுத்தினால், ஒரு கிராமில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு கிடைக்கும். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குக் கொட்டாங்கச்சிக் கரியே சிறந்ததென்று தேடித் தேடி வாங்கினார்கள். துளையின் அளவை இன்னும் சுருக்கினால் அதே கரி காற்றையும் பிரிக்கும். சின்ன மூலக்கூறான ஆக்சிஜன் விரைந்து உள்ளே போய்விட, நைட்ரஜன் வெளியே வரும். தொழிற்சாலைகளில் நைட்ரஜன் எடுப்பது இப்படித்தான். 2021 ஏப்ரலில் ஐ.ஐ.டி. பம்பாயில் மிலிந்த் அத்ரேயின் குழு அத்தகைய நைட்ரஜன் பிளான்ட் ஒன்றில் கரியைக் கொட்டிவிட்டுச் சியோலைட்டை நிரப்பி, 93 முதல் 96 சதவீத ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. நாடெங்கும் ஏற்கெனவே நிற்கும் இயந்திரங்களை மருத்துவத்துக்குத் திருப்பலாம் என்ற அந்த யோசனை அந்தப் பேரிடரில் நடந்த மிகச் சிறந்த பொறியியல் வேலைகளில் ஒன்று என்பேன்.

இந்தத் துறை நிற்காமல் ஓடுகிறது. உலோக அயனிகளையும் கரிமச் சேர்மங்களையும் கோத்துச் செய்யும் நுண்துளைச் சட்டகங்களுக்காக 2025இல் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பதில் அந்தச் சட்டகங்களுக்கு எதிர்காலம் இருக்கிறது. புனே ஐசர் நிறுவனத்தின் ராமநாதன் வைத்தியநாதன் இந்த ஆய்வில் உலக அளவில் முன்வரிசையில் இருப்பவர்.

பொழிச்சலூர்க்காரர்களுக்கு உடனடியாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சியோலைட்டுக்கு நைட்ரஜனைவிட நீராவி மீது ஆசை அதிகம். ஈரம் ஒருமுறை அறைகளில் குடியேறிவிட்டால் சில நூறு டிகிரி வரை சூடாக்காமல் போகாது. பிளான்ட்டுக்குள் வைத்து அப்படிச் சூடாக்க வழியில்லை. கடலோரத்து ஈரக்காற்றில், ஓட்டாமல் பூட்டி வைத்த பிளான்ட்டின் வால்வு கசிந்தால் மணிகள் மெல்லச் செத்துப்போகும். வெளியிலிருந்து பார்க்க உருளை புதிதாகவே இருக்கும். காற்றை உலர்த்தும் கருவியைப் பராமரித்து, அவ்வப்போது ஓட்டி, வெளிவரும் ஆக்சிஜனின் செறிவை அளந்து எழுதி வைப்பதற்கு ஒரு பயிற்சிபெற்ற ஆள் போதும். 2022 டிசம்பர் 27 அன்று நாடெங்கும் மருத்துவமனைகளில் ஒத்திகை நடத்தி இதைச் சோதித்தார்கள். ஆண்டுக்கு ஒரு ஒத்திகை இதற்குப் போதாது.

உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பி.எஸ்.ஏ. பிளான்ட் இருக்கிறதா, கடைசியாக எப்போது ஓடியது, செறிவு எத்தனை சதவீதம் வந்தது என்று அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ எழுந்து கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.